வரப்பில் நின்று பார்த்த இரண்டு நாடுகள்

எங்கள் நடவு செட்டில் ஒரு வழக்கம் உண்டு. பத்து மணிக்கு வயல்காரர் வீட்டு டீயும் வடையும் வரப்புக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் ஒருத்தியும் மறுபடி சேற்றில் கை வைக்க மாட்டாள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. வரிசையாக ஏறி வரப்பில் நின்றுகொள்வோம், அவ்வளவுதான். எப்பேர்ப்பட்ட வயல்காரரும் அதைப் பார்த்தால் வண்டியை முறுக்கிக்கொண்டு பறப்பார்.

நான் செட்டில் கடைசியாக நட்ட சம்பாவில், அப்படி நின்ற ஒரு நாளில்தான் என் விஷயம் முடிவானது. அன்று சாயங்காலத்துக்குள் ஏஜெண்டிடம் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரா, மலேசியாவா? சிங்கப்பூரில் வீட்டு வேலை. என் அக்கா அங்கேதான் இருந்தாள். மலேசியாவில் ஜொகூர்ப் பக்கம் ஒரு நம்மூர்ச் சாப்பாட்டுக் கடையில் சமையல்கட்டு வேலை. எங்கள் தெருத் தோழி ஒருத்தி அங்கே சேர்ந்திருந்தாள்.

போகாமல் இருக்க முடியாதா என்றால், முடியாது. திருவிடைமருதூர்ப் பக்கம் முன்பெல்லாம் நடவுக்கு எங்களைத் தேடி ஆள் அனுப்புவார்கள். இப்போது வடக்கேயிருந்து ரயிலேறி வரும் ஆண்கள், கூட்டமாக இறங்கி மளமளவென்று நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் பெண்டாட்டி பிள்ளையை விட்டு வந்தவர்கள்தானே. அவர்கள் இங்கே வர, நாங்கள் கடல் தாண்டிப் போகக் கிளம்பியிருந்தோம். உண்மையைச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விமானம் ஏறப் போகிறேன்! நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு பாடினேன் என்று செட்டில் இன்றும் கேலி செய்கிறார்கள்.

ஒரு மாதமாக இரண்டு நாட்டையும் அலசோ அலசென்று அலசியிருந்தேன். சம்பளம் சிங்கப்பூரில்தான் கூடுதல். வாரத்தில் ஒரு நாள் லீவு சட்டத்திலேயே இருக்கிறது என்றாள் அக்கா. படுக்கத் தனி அறை, அதில் ஏசி வேறு. ஜொகூரிலோ பெண்களெல்லாம் ஒரே வீட்டில் நெருக்கியடித்துப் படுக்க வேண்டும், அடுப்பு வெக்கை ஆளை உருக்கிவிடும் என்று தோழியே ஒத்துக்கொண்டாள். அக்கா தினமும் போன் செய்து, "யோசிக்காதடி, இங்கயே வந்துடு" என்பாள். நானும் மனசுக்குள் முக்கால்வாசி சிங்கப்பூர் போய்விட்டிருந்தேன்.

அன்று வயல்காரரின் வண்டி பஞ்சர். பத்தரை ஆகியும் டீ வரவில்லை. வரப்பில் நின்ற பெண்களுக்குப் பொழுது போக வேண்டுமே! "போடுடி போன, ரெண்டு பேரையும் ஒண்ணா கூப்புடு, நாங்க வெசாரிக்கிறோம்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வீடியோவில் இருவரும் வந்தார்கள். தோழி மதிய ஷிப்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு பளபளப்பான சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசினாள். எங்கள் ஆட்களா விடுவார்கள்? மழை பெய்தால் வேலை நிற்குமா, மாதா கோவில் பக்கமா, பழைய சோறு கிடைக்குமா என்று ஆளாளுக்குக் கேட்டுத் துளைத்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நானும் சும்மா இருக்காமல், "எங்களுக்கு இன்னும் டீ வரல, வரப்புல நிக்கிறோம். அங்க ஒங்களுக்கு யாரு டீ குடுப்பா?" என்றேன்.

"எங்க மாஸ்டர் போடுவாரு" என்றாள் தோழி. "கூட்டம் கொறஞ்சதும் எல்லாரும் ஒக்காந்து குடிப்போம். லேட்டாச்சுன்னா கரண்டியால சட்டிய தட்டுவோம், ஓடியாருவாரு."

வரப்பே கைதட்டியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க எல்லாருக்கும் நான்தான் போடுவேன்."

"ஒனக்கு?" என்றேன்.

"மிச்சமிருந்தா நின்னுகிட்டே குடிச்சிருவேன். வீட்டம்மா நல்லவங்கதான், ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க."

செட்டில் ஒருத்தி கேட்டாள்: "குடுக்கலன்னா யாரு கூட நிப்ப?"

"நிக்க யாரு இருக்கா? நான் ஒருத்திதானே" என்றாள் அக்கா.

சிங்கப்பூர் போகும்வரை எங்கள் செட்டில் என் பக்கத்து இடத்தில் நட்டவள் அக்கா. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "அப்பறம் எதுக்கு என்னை வா வான்னு கூப்புட்ட?" என்று கத்தினேன்.

"நீ வந்தா ஞாயித்துக்கிழமயாவது ஒன்ன பாக்கலாம்னுதான்."

போனை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அதற்குள் தோழி ஆரம்பித்துவிட்டாள்: "ஏக்கா, எங்க கடையில இன்னும் ரெண்டு ஆள் வேணும்ங்கறாங்க." அவ்வளவுதான், வரப்பில் ஒரே அமளி. "ஒப்பந்தம் எப்ப முடியுது?" என்று நான் கேட்க, "தை மாசத்தோட" என்று அக்கா சொல்ல, "அப்பறம் என்ன, கெளம்புடி!" என்று மொத்த செட்டும் போனுக்குள் கத்தியது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பயமும் சிரிப்புமாக, "சம்பளம் கொறயுமே" என்றாள். பிறகு அவளே, "கொறஞ்சா கொறஞ்சிட்டு போவுது" என்றாள். வயல்காரர் டீத்தூக்கோடு வந்து நின்றதை யாரும் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் ஏஜெண்டின் கடைக்குப் போனேன். சேறு கழுவிய கால் இன்னும் ஈரமாகவே இருந்தது.

"முடிவு பண்ணிட்டீங்களா? சிங்கப்பூர்தானே?" என்று கேட்டார்.

"மலேசியாங்க" என்றேன். "ரெண்டு பேருக்குப் பாருங்க."