எடைக்கல்லார் ஓட்டிய நிவாரண லாரி

பழைய இரும்பு வியாபாரத்தில் எடைக்கல்லாரை ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, நூலில் காந்தத்தைக் கட்டித் தெருத்தெருவாக இழுத்து ஆணி பொறுக்கிய மனிதர். இன்றைக்கு அவருடைய கிடங்குக்குள் இரண்டு லாரி எதிரெதிரே வந்தாலும் உரசாமல் விலகிப் போகலாம். இரும்பைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒன்று மட்டும் இரண்டு வருடமாகக் கைமாறாமல் நின்றது. அது அவருடைய தங்கைக்கென்று எடுத்து வைத்த ஜகாத்.

வருடத்துக்கு ஒருமுறை, சேர்ந்திருக்கும் சொத்தில் ஏழைக்கு உரியதைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்; அதுவரை அது கொடுப்பவன் கழுத்தில் சுமைதான். எடைக்கல்லார் ஒளித்துக் கொடுக்கிற ஆள் இல்லை. கிடங்கில் நாற்காலி போட்டு, படம் பிடிக்க ஆள் வைத்து, ஆணி பொறுக்கிய காலத்திலிருந்து ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உறையை எடுப்பார். முதல் உறை, கணவனை இழந்த தங்கைக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் அந்த உறையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் வாடகை வீட்டையும் மாற்றினாள். எங்கே என்று சொல்லவில்லை.

யாரோ அவள் மனதைக் கலைத்துவிட்டார்கள் என்பது எடைக்கல்லாரின் முடிவு. மைத்துனன் வகையறாவா, பக்கத்து வீட்டுக்காரியா என்று ஆள் மாற்றி ஆள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தையோட பங்கை ஏன் வாப்பா பூட்டி வச்சிருக்கீங்க? நிவாரண ஆபீஸ்ல கட்டிடுங்க. பல நாட்டுல வேலை செய்றாங்க, இங்கயும் குடுக்குறாங்க" என்றாள் மகள்.

"முகம் தெரியாதவன் கையில குடுத்துட்டு, போய்ச் சேர்ந்துச்சான்னு வானத்தைப் பார்த்து நிக்கவா?"

"ஒரு தடவை போய்ப் பார்த்துட்டாவது பேசுங்களேன்."

மகளுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை? அந்தச் சந்தேகத்தையும் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அலுவலகத்தில் கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், பளபளக்கும் தாளில் அச்சடித்த விளக்கப் புத்தகம். எடைக்கல்லார் அந்தத் தாளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இந்த வழவழப்புக்கு யாரு காசு?"

மேலாளர் சிரித்தார். "அதுக்குன்னு தனியா நன்கொடை வருதுங்க, ஐயா. ஜகாத் பணத்தைத் தொடுறதில்லை."

"உங்க சம்பளம்?"

"வசூல் பண்ணிப் பங்கு வைக்கிறவங்களுக்கும் ஜகாத்துல ஒரு பங்கு உண்டுன்னு மார்க்கமே சொல்லுது. நாங்க அதையும் எடுக்கறதில்லை."

"சரி, வாங்குறவங்க படத்தைக் காட்டுங்க."

"படம் எடுக்க மாட்டோம். பேரும் சொல்ல மாட்டோம்."

எடைக்கல்லாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. படமும் கிடையாது, பேரும் கிடையாது என்றால், கொடுத்தது நிஜம் என்று எதை வைத்து நம்புவது? நாற்பது வருடமாக எத்தனை பேர் பழைய பீப்பாய்க்குள் மண்ணை நிரப்பிக்கொண்டு வந்து அவரிடம் இதே மாதிரி சிரித்திருக்கிறார்கள்.

அந்த வாரம் மளிகைப் பைகளை வீடு வீடாகக் கொடுக்க வேண்டும், ஆனால் அவர்களுடைய வண்டி பழுதாகிக் கிடக்கிறது என்று பேச்சு வந்தது. எடைக்கல்லார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் லாரியைத் தரேன். டிரைவர் நான்தான். பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

புதன்கிழமை சரக்கு ஏறியதும் லாரி நேராகப் போனது அவருடைய கிடங்கின் எடை மேடைக்கு. கூட வந்த ஊழியப் பெண் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"இங்க யாருக்குங்க ஐயா குடுக்கணும்?"

"யாருக்கும் இல்லம்மா. ஏத்துனது எவ்வளவுன்னு பார்த்துக்கறேன்."

"அரிசி மூட்டையை இரும்பு மாதிரி நிறுக்குறீங்களே."

"திருடறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எடைக்கல்லார் தலையில் துண்டைக் கட்டி, கண்ணாடியைக் கழற்றி, ஆள் அடையாளம் தெரியாமல் உட்கார்ந்து ஓட்டினார். ஒவ்வொரு சந்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பெண் இறங்குவாள், கதவைத் தட்டுவாள், பையைக் கொடுப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள், வருவாள். மாடி வீட்டில் ஒரு பை போனபோது, "மாடியில இருக்கறவனுக்கு எதுக்கு?" என்று உறுமினார். "மொட்டை மாடியில தகரக் கொட்டகைங்க ஐயா" என்றாள் அவள். அவர் நம்பவில்லை. இறங்கி அண்ணாந்து பார்த்தார். தகரம்தான். பழைய தகரம், கிலோவுக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது.

குறுகலான ஒரு சந்தில், தையல் இயந்திரச் சத்தம் கேட்ட கதவை அந்தப் பெண் தட்டினாள். சத்தம் நின்றது. கதவு திறந்து உள்ளேயிருந்து ஒரு குரல்.

"வாம்மா. போன தடவை குடுத்த பருப்பு வேகறதுக்குள்ள எனக்கு வயசே கூடிப்போச்சு."

பிறகு ஒரு சிரிப்பு.

எடைக்கல்லாரின் கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டது. தங்கையின் சிரிப்பு. கிடங்கில் உறை வாங்கிய எந்த வருடத்திலும் அவள் இப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. முதலில் எழுந்தது கோபம். மகளும் இவளும் கூட்டு. இந்தப் பெண்ணும் கூட்டு. எல்லாரும் சேர்ந்து தன் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். இப்போதே அலுவலகத்துக்குப் போய், "இவளுக்கு அண்ணன் இருக்கான், கொடுக்கறதை நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்போல முதல் உறைக்கு அவள் வந்துதானே ஆக வேண்டும்?

துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். தங்கை பையோடு லாரியை நோக்கி வந்தாள்.

"இறங்குண்ணே."

அவர் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேவு பார்க்க வர்றவன் லாரி நெத்தியில தன் பேரைக் கொட்டை எழுத்துல எழுதிக்கிட்டா வருவான்?"

எடைக்கல்லார் துண்டை அவிழ்த்தார். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீ வேத்து ஆளுகிட்ட வாங்குறியா? எனக்கு எவ்வளவு கேவலம்?"

"அவங்ககிட்ட வாங்கினா கதவைச் சாத்திட்டு சமைக்கப் போயிடலாம். உன்கிட்ட வாங்கினா வருசம் பூரா உன் ஆணிக் கதையைத் தூக்கிச் சுமக்கணும். உறை வாங்குற என் மூஞ்சி உன் கிடங்கு சுவத்துல படமா தொங்குதுண்ணே. பொண்ணு பார்க்க வந்தவங்க அதைப் பார்த்துட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தாங்க. திரும்பி வரல."

இது அவருக்குத் தெரியாது. கிடங்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பாராட்டித்தான் இருக்கிறார்கள்.

"உன் பொண்ணுக்கா?"

"வேற யாருக்கு? இப்ப நீ ஆபீஸ்ல போய்ச் சொல்லி இதையும் நிறுத்திடுவேன்னு எனக்குத் தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது."

எடைக்கல்லார் வெளியே பார்த்தார். ஊழியப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றாள். கிடங்குச் சுவரில் தொங்கும் அந்தப் படம் அவர் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நிறுத்தல" என்றார் கடைசியில். "உன் பங்கு ரெண்டு வருசமா என்கிட்ட நிக்குது. அதை என்ன பண்ண?"

"அங்கேயே கட்டு. எனக்குன்னு சொல்லாம கட்டு. யாருக்குப் போகுதோ போகட்டும்."

"உனக்கு வராம எவனுக்கோ போனா?"

"போகட்டுமே. அவனும் கதவைச் சாத்திட்டு சமைப்பான்."

அவள் உள்ளே போய்விட்டாள். தேநீருக்குக் கூப்பிடவில்லை; ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தையல் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

எடைக்கல்லார் வண்டியைக் கிளப்பினார். முதல் முறையாக ஏமாந்த வியாபாரி மாதிரி இருந்தது அவர் முகம்.

"நாளைக்குப் பணம் கொண்டு வரேம்மா" என்றார். "யாருக்குன்னு கேக்க மாட்டேன். பேர் போட வேணாம், படமும் வேணாம்."

"சரிங்க ஐயா."

"ரசீது மட்டும் போடணும்" என்றார் எடைக்கல்லார். "ரெண்டு பேர் கையெழுத்தோட."