கலீலுல்லா பாயின் வாக்காளர் பட்டியல்

கலீலுல்லா பாய் தேர்தலில் நின்றது ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். அதற்கு முன்னால் இருபது வருஷம் அடுத்தவர்களுக்காகவே தொண்டை கிழியக் கத்தினார். பூந்தமல்லிக் கடைத்தெருவில் தையல் கடை. கட்சிக்கொடி தைத்துக் கொடுத்தே மெஷின் தேய்ந்தது. யாருக்காவது ரேஷன் கார்டு வரவில்லை என்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். பதவி மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு எவனுக்கோ போகும். நன்றி கெட்ட கட்சி! எண்பத்தாறில்தான் வார்டு மெம்பருக்கு நிற்க அவர் பெயர் வந்தது.

ஓட்டுப்பதிவு அன்று மனைவி ஷரீஃபுன்னிசா விடியற்காலையிலேயே தேக்சாவை அடுப்பில் ஏற்றினாள். பூத்தில் உழைக்கும் நாற்பது பேருக்குப் பிரியாணி. இவர்கள் சாப்பிட்டதும் போகலாம், அடுத்த பந்தி முடிந்ததும் போகலாம் என்று பரிமாறிக்கொண்டே இருந்தாள். கை கழுவி, புர்காவை மாட்டிக்கொண்டு ஓடியபோது பள்ளிக்கூடக் கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

பாய் ஒரே ஓட்டில் தோற்றார். ஐயோ, அவள் ஓட்டு விழுந்திருந்தால் சமமாகி, சீட்டாவது குலுக்கியிருப்பார்களே!

மறுநாள் கட்சிக்காரர்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். ஓட்டுப் போட்டவர் பெயருக்கு நேராக பூத் ஏஜென்ட் பென்சிலில் டிக் அடித்த பட்டியல் பாய் மடியில் இருந்தது.

"நம்மாளுங்கள்ல எவன் போடலன்னு படி பாய். ஊட்டுக்கே போயி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்" என்று குதித்தான் கிளைச் செயலாளர் பாஸ்கரன்.

பாய் தெருத் தெருவாகப் படித்தார். திரைக்குப் பின்னால் ஷரீஃபுன்னிசா மை படாத விரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். சொந்தத் தெரு வந்தது. பாய் குனிந்தபடி கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சட்டென்று பட்டியலை மூடினார்.

"நம்ம தெருவுல அல்லாரும் போட்டுக்கீறாங்க."

கண்ணாடி போடாமல் படித்ததில் தன் பெயரை விட்டுவிட்டார் என்றே அவள் நினைத்தாள். உண்மையைச் சொல்லிவிடத் துடிப்பாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சாயா வேணுமா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். அடுத்த தேர்தலோ வருகிற பாடாக இல்லை. வந்தால் மறுபடி நிற்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனுஷன் தொண்ணூற்றைந்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அவர் பெட்டியை ஒழிக்கும்போது அந்தப் பட்டியல் கிடைத்தது. பார்த்தால், அவள் பெயருக்கு நேராக ஒரு டிக்! மற்றதெல்லாம் பென்சில். அது மட்டும் நீலப் பேனா. மை காயுமுன் மூடியதால் எதிர்ப்பக்கத்திலும் கறை பிடித்திருந்தது.

"தெரிஞ்சிகினே இத்தினி வருசம் ஒரு வார்த்தை கேக்காம பூட்டீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு யாராலும் தேற்ற முடியவில்லை.

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது. இந்த முறை பாஸ்கரன் நின்றான். ஓட்டுப்பதிவு அன்று விடியும் முன்பே தேக்சாவோடு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, பசங்களுக்கு உங்க கையால பிரியாணி..."

அவள் அதற்குள் புர்கா போட்டிருந்தாள்.

"அத்த அங்க வை. மொதல்ல ஓட்டு."

பள்ளிக்கூட வாசலில் முதல் ஆளாகப் போய் நின்றாள். கேட்டைத் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.