அடுப்படி எழுத்து

"ஆ காட்டு. இன்னும் பெருசா. திங்கிறப்ப மட்டும் தொறக்கத் தெரியுதுல்ல?" என்று சுலைகாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்புகிறார் அகிலாண்டேஸ்வரி டீச்சர். இடது கையில் ஓரம் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி. காரைக்குடியில் பல் பிடுங்குகிறவர்கூட இத்தனை வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

பாலர் வகுப்பில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தால் போதும் என்றுதான் அறுபத்து நாலாம் வருஷம் இவரை வேலைக்கு எடுத்தார்கள். இவரோ எழுத்தை விட்டுவிட்டு வாயைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்குப் பேச்சு திருந்தவில்லையே என்று வருகிற பெற்றவர்களுக்கு ஒரே விளக்கம்தான்.

"வாயும் நம்ம ஊரு வீடு மாதிரிதான். உதடு முகப்பு. பல்லு நடுக்கட்டு வளவு. அடிநாக்கு இருக்கே, அது கடைசிக்கட்டு அடுப்படி. புள்ள மொதல்ல முகப்புலதான் வெளையாடும், அம்மா அப்பான்னு. அப்புறம் வளவுக்கு வரும், தாத்தா அத்தைன்னு. அடுப்படி வரைக்கும் போயி 'க'வத் தூக்கிட்டு வர நாளாகுமுல்ல? கால் பெலப்படாத புள்ளைய ஓடச் சொல்லுவீகளா? நாக்கும் அப்பிடித்தான்."

வசம்பை உரசி நாக்கில் தேய்க்கட்டுமா என்று கேட்டால் தொலைந்தார்கள். "மொதல்ல ஒங்க நாக்குல தேச்சுக்கங்க. கேள்வியாச்சும் கொறையும்."

வைத்தியமெல்லாம் கைவசம் உண்டு. உதட்டுக்குக் காகிதத் துண்டை ஊதச் சொல்வார். நாக்கு நுனி மேலே எழும்ப, மேலுதட்டில் வெல்லப்பாகு தடவி நக்கச் சொல்வார். அடிநாக்குக்கு அண்ணாந்து தண்ணீர் கொப்பளிக்க வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்று கொப்பளித்தால் பாதித் தண்ணீர் சட்டைக்குள்தான் போகும். அம்மாக்காரிகள் சண்டைக்கு வருவார்கள். டீச்சர் அதற்கும் அவர்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்கிற பழக்கம் கிடையாது. தபால்காரர் மருது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இவரிடம் கடிதம் கொடுக்கிறார். வகுப்பில் 'ழ' பிசகினால் ஒன்பது தடவை சொல்ல வைக்கிற இதே டீச்சர் சந்தைக்குப் போனால் "வாளப்பளம் என்ன வெல?" என்பார். அந்த நேரத்தில் கையில் கண்ணாடி இருக்காது, பாவம்.

வீட்டில் தம்பி சின்னக்கருப்பன், அவன் மனைவி, மூன்றேகால் வயது மகள் கல்யாணசுந்தரி. பெயர் நீளம், அவளைக் கேட்டால் "தல்யாணி" என்பாள். டீச்சரின் அப்பா சித்திரையில் காலமானார். பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி மகள் வேலைக்குப் போனதிலிருந்து நாலு வருஷம் அவர் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாளில்கூடத் தண்ணீர் கேட்டது மருமகளிடம். டீச்சர் சொம்போடு பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

ஆடி அமாவாசைக்குப் படையல் போட்டு, கொல்லையில் காக்காய்க்கு இலை வைத்தார்கள். காக்காய் எடுக்கும்வரை அந்த வீட்டில் பச்சைக் குழந்தைகூட எதையும் வாயில் வைக்கக்கூடாது. ஒரு காக்காய் வந்து இறங்கியது. கல்யாணசுந்தரி விரலை நீட்டி, "தாத்தா! தாத்தா!" என்று குதித்தாள்.

சின்னக்கருப்பன் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் மனைவி வாய்விட்டு அழுதாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடேய், அவ காக்கான்னுல சொல்றா! 'க' வராதுடா அவளுக்கு. நேத்துக் காப்பியத் தாப்பின்னாளே, அதுக்கு எவன்டா விழுந்து கும்பிட்டான்?"

தம்பி மண்ணைத் தட்டாமலே எழுந்தான். "அப்பா செத்தும் ஒனக்குக் கோவம் தீரலக்கா."

சுருக்கென்று தைத்தது. கோபம் யாருக்கு யார்மேல் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். மறுநாளே கல்யாணசுந்தரியைக் கொப்பளிக்க நிறுத்திவிட்டார். கரண்டிக் காம்பால் நுனிநாக்கை அமுக்கி, "இவன் தூங்கட்டும். பின்னாடி இருக்கிறவன் எந்திரிக்கட்டும்" என்று ஒரு மாதம் பாடுபட்டார். முதலில் ஏப்பம் மாதிரி ஒரு 'க்' வந்தது. அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் முழுசாகவே வந்துவிட்டது, "காக்கா!" டீச்சர் பிள்ளையைத் தூக்கி முத்தமிட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. சபை கூடட்டும் என்று காத்திருந்தார்.

ஆவணி அமாவாசைக்குச் சபை தாராளமாகவே கூடியது. செத்தவரை அடையாளம் காட்டுகிற குழந்தையைப் பார்க்க அண்டை வீடெல்லாம் கொல்லையில் நின்றது. கல்யாணசுந்தரி முன்னால் நின்றாள். வடைத் தட்டோடு அவள் பக்கத்தில் டீச்சர்.

காக்காய் வந்தது. இலையைப் பார்த்தது, தொடவில்லை. தத்தித் தத்தி டீச்சர் காலடிக்கு வந்து தலையைச் சாய்த்து அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"அக்கா..." சின்னக்கருப்பனுக்குக் குரல் உடைந்தது. "ஒன்னத் தேடித்தான் வந்திருக்காக. கோவம் தீந்துபோச்சு அப்பாவுக்கு. ஏதாச்சும் பேசுக்கா."

காக்காயின் கண் தட்டிலிருக்கிற வடைமேல் என்று டீச்சருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் நாலு வருஷத்துக்குச் சேர்த்து அழுகை வந்தது. ஊரார் வாயையெல்லாம் பழுது பார்த்தவருக்கு, "அப்பா" என்று சொல்ல உதடு ஒட்டவில்லை.

கல்யாணசுந்தரி விரலை நீட்டினாள். வாயைத் திறந்தாள். கலங்கின கண்ணுக்கும் அந்த வாய் தெளிவாகத் தெரிந்தது. சொல்லிக்கொடுத்தபடியே நுனிநாக்கு கீழே படுத்திருந்தது. அடிநாக்கு எழும்பிக்கொண்டிருந்தது.

டீச்சர் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து, அந்த வாய் நிறைய அடைத்தார்.