ஆறு புரி ரொட்டியும் ஒரு சம்பந்தியும்

பெத்தா திக்வாவில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் கெர்ஷோன் வைன்ட்ராபைத் தெரியும். தெரிந்து வணக்கம் சொல்கிறவர்கள்தான் குறைவு. முப்பத்தோரு வருஷமாக அவர் அந்த ஊரின் வாகன நிறுத்த ஆய்வாளர். நிறுத்தக் கூடாதென்று சிவப்பும் வெள்ளையும் அடித்த நடைபாதை ஓரத்தில் ஒரு வண்டி நின்றால், எங்கிருந்தோ முளைத்து வந்து கண்ணாடியில் அபராதச் சீட்டைச் செருகிவிட்டுப் போய்விடுவார். பிரசவம், பல்வலி, மறதி என்று எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "மறதிக்குன்னு என் புத்தகத்துல பக்கம் கிடையாதுங்க." ஒருமுறை சொந்த மனைவியின் காருக்கே சீட்டு எழுதினார். தோவா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கழிவறைக்குள் மாட்டினாள். இருபது வருஷமாக அது அங்கேதான் தொங்குகிறது. கெர்ஷோன் தினமும் காலையில் தன் கையெழுத்தின் முன்னால்தான் உட்காருகிறார்.

இப்படிப்பட்ட மனிதர் குளிர்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பூப்போட்ட சமையல் அங்கியை மாட்டிக்கொண்டு இரண்டு கிலோ மாவின் முன்னால் நின்றதற்குக் காரணம், வரப்போகும் சம்பந்தி.

மகள் ஹதாஸுக்கு நிச்சயமான பையன் தங்கமானவன். அவனைப் பற்றிப் பேச்சில்லை. பேச்செல்லாம் அவன் அப்பா எலிமெலேக்கைப் பற்றித்தான். பக்கத்து ஊரான ப்னே ப்ராக்கில் அவர் கோஷர், அதாவது யூத சமய உணவு விதிகளின், மேற்பார்வையாளர். ரொட்டிக் கடை, கறிக் கடை, கல்யாண மண்டபம் என்று எங்கும் நுழைந்து, பாத்திர மூடியைத் திறந்து பார்த்து, சாப்பிடலாம் என்று கையெழுத்துப் போடுவது வேலை. பாதி ஊர் அவர் கையெழுத்தை நம்பிச் சாப்பிடுகிறது. அவரோ யார் கையெழுத்தையும் நம்பிச் சாப்பிடுவதில்லை. மூத்த மகனின் மாமனார் வீட்டில் ஏழு வகை விருந்துக்கு நடுவே பையிலிருந்து மத்தி மீன் டப்பாவை எடுத்துத் திறந்தாராம். அந்த டப்பா திறந்த சத்தம் அந்த இரண்டு குடும்பங்களுக்கும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

"அப்பா, அவர் நம்ம வீட்டுல சாப்பிடணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்," என்றாள் ஹதாஸ் தொலைபேசியில். "மீனு, கறி எல்லாம் அவங்களே சமைச்சுக் கொண்டு வராங்க. ரொட்டி மட்டும் நம்மளுது. கடை ரொட்டி வேண்டவே வேண்டாம், அவருக்குச் சண்டையில்லாத கடையே கிடையாது. நீங்களே வீட்டுல போட்டுடுங்க."

"நானா? அம்மாவைச் சொல்லேன்."

"அம்மாவையா?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். தோவா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் சமையலறையில் முட்டை வேகிறதென்றால் அது முட்டையின் சொந்தப் பொறுப்பு.

ஹதாஸ் நாலு விஷயம் சொன்னாள். கெர்ஷோன் சீட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டார். மாவை நன்றாகச் சலிக்க வேண்டும். முட்டையை ஒவ்வொன்றாகக் கிளாஸில் உடைத்து, ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டு புதிதாக இருக்க வேண்டும். நாலாவது, மாவு பொங்கியதும் ஒரு துண்டைக் கிள்ளித் தனியே வைத்து எரித்துவிட வேண்டும்.

"அது கோயில் இருந்த காலத்துல பூசாரிக்குப் போன பங்குப்பா. இப்ப கோயில் இல்ல, அதனால நெருப்புக்கு. அதை எடுக்காத ரொட்டியை அவர் தொடமாட்டார். யாருமே தொடக் கூடாது. வெள்ளி சாயங்காலம் ஷபாத் வந்துட்டா அப்புறம் எடுக்கவும் முடியாது. மறந்துடாதீங்க."

"யாருகிட்ட சொல்ற?" என்றார் கெர்ஷோன். நாலாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

முதல் மூன்று வரிகளை அவர் நிறைவேற்றிய விதத்தை நகராட்சி பார்த்திருந்தால் பதவி உயர்வு கொடுத்திருக்கும். மாவை மூன்று முறை சலித்தார். ஒரு பூச்சி அகப்பட்டிருந்தால் அதன் பெயரையும் விலாசத்தையும் கேட்டிருப்பார். ஆறு முட்டையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஈஸ்ட், சர்க்கரை, எண்ணெய், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்தார். முதலில் மாவு விரலை விடாமல் ஒட்டிக்கொண்டது, சீட்டு வாங்கிய வண்டிக்காரன் மாதிரி. கால் மணி நேரத்தில் அதன் கோபம் தணிந்து, காது மடல் போல மெத்தென்றானது. வீடு குளிர்ந்து கிடந்ததால் பெரிய பாத்திரத்தில் வைத்து மூடி, படுக்கையறைக்குத் தூக்கிப்போய் கனமான ரஜாய்ப் போர்வைக்கு அடியில் படுக்க வைத்தார்.

தேர்வுத் தாளைத் தேடிக்கொண்டு படுக்கையறைக்குப் போன தோவா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ஏன்யா, என் பக்கத்துல யாரைப் படுக்க வெச்சிருக்க? என்னைவிடக் குண்டா இருக்கா!"

"தொடாத. தூங்கட்டும்."

இரண்டு மணி நேரம் கழித்து ரஜாயை விலக்கிய கெர்ஷோன் அப்படியே நின்றுவிட்டார்.

பாத்திரத்தின் பாதியில் விட்டுவிட்டுப் போன மாவு விளிம்பைத் தாண்டி, மேலே போட்ட துணியைத் தலையால் தூக்கிக்கொண்டு எழுந்திருந்தது. வழவழவென்று, வெளுப்பாக, லேசான சூட்டோடு. மெல்ல விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி அவசரப்படாமல் நிரம்பி மறைந்தது. அவருடைய அறுபது வயதில், சொல்லாமலே ஒரு பொருள் தானாக இடம் பெயர்ந்து அவர் கோபப்படாமல் இருந்தது அதுதான் முதல் முறை.

"தோவா," என்றார். "இங்க வாயேன்."

தோவா சிவப்புப் பேனாவோடு வந்தாள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவளும் ஒரு விரலை வைத்து எடுத்தாள்.

"மூச்சு விடுது," என்றாள்.

"இதுக்கு உயிர் இருக்கா?"

"கணக்கு டீச்சரைப் போய்க் கேக்கறியே."

கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் குனிந்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை சலித்தபோது மாவாக இருந்தது இப்போது வேறு எதுவோவாகிவிட்டது. நடுவில் யார் வந்து என்ன செய்துவிட்டுப் போனார்கள்? முப்பத்தோரு வருஷமாக நின்றுபோன வண்டிகளையே பார்த்துப் பழகிய மனிதருக்கு, தானாக எழுந்த ஒரு பொருளிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. அந்த வியப்பில் நாலாவது வரி அவர் தலையை விட்டு இறங்கிப் போனது. எழுதிய தாள் பாத்திரத்தின் அடியில் மாவோடு ஒட்டிக் கிடந்தது.

பின்னலுக்கு ஒத்திகையாக ஒரு சின்ன உருண்டையை எடுத்து மூன்று புரி திரித்துப் பின்னினார். அதைப் பார்த்து தோவா, "வாலோட எலி செத்துக் கிடக்கற மாதிரி இருக்கு," என்றாள். அதைத் தட்டின் மூலையில் ஒதுக்கினார். வெள்ளி அந்தி முதல் சனி இரவு வரை அடுப்பு மூட்டவோ வண்டி ஓட்டவோ கூடாத ஓய்வு நாள் ஷபாத். அதன் மேஜைக்கு இரண்டு முழு ரொட்டி வேண்டும். மீதி மாவை இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஆறு புரியாகத் திரித்தார். ஆறு புரியையும் பார்த்ததும் கை திகைத்தது. பிறகு அந்தக் கைக்கே எதுவோ ஞாபகம் வந்தது. தோவா விடியற்காலையில் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள் என்பதால் ஏழு வருஷம் ஹதாஸுக்குத் தலை பின்னியவர் அவர்தான். ஓரத்துப் புரி இரண்டைத் தாண்டி, ஒன்றுக்கு அடியில் நுழைந்து, இரண்டைத் தாண்டி... இடது, வலது. மனசு எண்ணுவதை நிறுத்திய பிறகுதான் கை சரியாகப் பின்னியது. பின்னி முடித்துப் பார்த்தபோது, அதைத் தான் செய்ததாக அவருக்கே சந்தேகமாக இருந்தது.

முட்டை பூசி, எள் தூவி, அடுப்புக்குள் தள்ளிவிட்டு, கண்ணாடிக் கதவின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே இரண்டு ரொட்டியும் ஒன்றையொன்று பார்த்தபடி பருத்தன. பின்னல்கள் நெகிழ்ந்து விரிந்தன. வெளுப்பு மஞ்சளாகி, மஞ்சள் பொன்னாகி, பொன் செம்பாகி... வாசனை கூடத்தைத் தாண்டி மாடிப்படியில் இறங்கியது. கீழ் வீட்டுக்காரர், கெர்ஷோனிடம் நாலு சீட்டு வாங்கியவர், தன் கதவைத் திறந்து மேலே பார்த்துவிட்டு, அந்த வீட்டிலிருந்தா என்று நம்ப முடியாமல் மறுபடி மூடிக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்த கெர்ஷோனுக்கு முதலில் கண்ணில் பட்டது சம்பந்தி இல்லை. அவர் வண்டியின் இரண்டு சக்கரங்கள். நட்ட நடுவில், சிவப்பு வெள்ளையில். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தோவா அந்தக் கையைப் பிடித்து அங்கேயே வைத்தாள்.

எலிமெலேக் மெலிந்த, சின்ன மனிதர். குரல் அதைவிட மெலிது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி, பையன், முகம் வெளிறிய ஹதாஸ். வந்தவர் கோட்டைக் கழற்றாமல் நேரே ரொட்டிகளின் முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க போட்டதா, சம்பந்தி?"

"நான்தான்."

"மாவு?"

"மூணு தடவை சலிச்சேன்."

"முட்டை?"

"ஆறு. ஒவ்வொண்ணா கிளாஸ்ல."

"தட்டு?"

"புதுசு. ரசீது இருக்கு."

எலிமெலேக்கின் தாடிக்குள் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. தொழில்காரரைத் தொழில்காரர் அடையாளம் கண்டுகொள்ளும் சிரிப்பு. "துண்டு எடுத்துட்டீங்க இல்ல?" என்றார், எடுத்திருப்பார் என்ற நிச்சயத்தோடு.

இரண்டு கோடு போட்ட நாலாவது வரி கெர்ஷோனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். யாருக்குத் தெரியப் போகிறது? தோவாவின் கண்கள் அதையேதான் சொல்லின. ஹதாஸ் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் கார் சன்னலுக்குள்ளிருந்து முப்பத்தோரு வருஷமாகச் சொல்லப்பட்ட அத்தனை பொய்யையும் கேட்ட காது அது. ஒரு பொய் எப்படி ஒலிக்கும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

"மறந்துட்டேன்," என்றார்.

ஹதாஸ் கண்ணை மூடிக்கொண்டாள். சம்பந்தி கொண்டு வந்த, மத்தி மீன் டப்பா அடைத்த பை வாசலோரமாகத்தான் இருந்தது.

எலிமெலேக் பையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஷபாத் தொடங்கற சைரனுக்கு எவ்வளவு நேரம்?"

"பதினோரு நிமிஷம்," என்றாள் கணக்கு டீச்சர்.

"போதும். மறந்தவனுக்கும் வழி சொல்லி வெச்சிருக்கு, சம்பந்தி. வெந்த பிறகும் எடுக்கலாம். எல்லா ரொட்டியையும் ஒரே துணிக்குள்ள சேர்த்து மூடி, ஏதாவது ஒண்ணுலேர்ந்து கிள்ளி எடுத்தா எல்லாத்துக்கும் சேர்த்தி."

கெர்ஷோன் அவரையே பார்த்தார். மனிதன் மறப்பான் என்று முன்கூட்டியே தெரிந்து, ஆயிரம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவரோ உட்கார்ந்து தனக்காக ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். சட்டம் என்றால் இப்படியும் இருக்குமா? மாவு எழுந்து நின்றபோது வந்த அதே வியப்பு மறுபடி வந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் எலிமெலேக். "கிள்ளிட்டா அந்த ரொட்டி முழுசு இல்ல. மேஜைக்கு ரெண்டு முழுசு வேணுமே."

எல்லோரும் இரண்டு ரொட்டியையும் பார்த்தார்கள். கிள்ளக் கூடிய இடம் ஒன்றுகூட அந்தப் பின்னலில் தெரியவில்லை.

"எலி!" என்று கத்தினார் கெர்ஷோன். "அந்தச் செத்த எலி எங்க?"

மென்றுகொண்டிருந்த தோவாவின் வாய் நின்றது. முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கையை முன்னால் கொண்டு வந்தாள். ஒத்திகை ரொட்டி பாதிதான் மிச்சம். வாலைக் காணோம்.

துண்டு எடுக்காத ரொட்டியை யாருமே தொடக் கூடாது. எலிமெலேக் தலையைத் தூக்கி, கூரையில் இருந்த விளக்கை வெகு அக்கறையாக ஆராய்ந்தார். "விளக்கு நல்லா இருக்கு," என்றார். "அந்தப் பாதி போதும், கொண்டாங்கம்மா."

இரண்டு பொன் ரொட்டியையும் அரை எலியையும் ஒரே வெள்ளைத் துணிக்குள் சேர்த்தார்கள். எலிமெலேக் ஆசியை ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க, கெர்ஷோன் திருப்பிச் சொன்னார். நெல்லிக்காய் அளவு ஒரு துண்டைப் பிய்த்து, கேஸ் அடுப்பின் சுடரில் இடுக்கியால் பிடித்தார். அது சிவந்து, கறுத்து, சுருங்கியது. வீட்டிலேயே அவலட்சணமான ரொட்டி, கோயில் பூசாரிக்குரிய பங்காக மேலே போய்க்கொண்டிருந்தது. சுடரை அணைத்த கையை அவர் எடுக்கும்போது ஊரெங்கும் சைரன் நீளமாக எழுந்தது. தோவா வாயைத் துடைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள்.

இரவு மேஜையில் ரொட்டிகள் துணிக்கு அடியில் காத்திருந்தன. திராட்சை ரசத்துக்கு முதலில் ஆசி சொல்வார்கள். அதைப் பார்த்து ரொட்டி மனம் வாடக் கூடாது என்றுதான் அந்த மூடல். இத்தனை வருஷம் அதைக் கேட்டுச் சிரித்தவர் இன்று துணியின் ஓரத்தைக் கவனமாக இழுத்துவிட்டார்.

பிறகு துணியை எடுத்து, இரண்டையும் தூக்கி ஆசி சொல்லி, அறுத்து, உப்பில் தொட்டுக் கொடுத்தார். எலிமெலேக் துண்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இழை இழையாகப் பிரிந்தது. வாயில் போட்டார். மென்றார். மேஜையில் மூன்று பேர் அவர் தாடை அசைவதை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு ஒரு சிட்டிகை குறைச்சல்," என்றார். சொல்லிவிட்டு இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

ஹதாஸ் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

மூன்றாவது துண்டின் நடுவில் எலிமெலேக்குக்கு எதுவோ உறைத்தது. "சம்பந்தி, அவசரத்துல வண்டியை எங்க விட்டேன்னே பாக்கல. கீழ கோடு கீடு ஏதாவது போட்டிருந்துதா? சுத்தமா மறந்துட்டேன்."

தோவா கழிவறைக் கதவைப் பார்த்துவிட்டு, கணவனைப் பார்த்தாள்.

"போட்டிருக்கு," என்றார் கெர்ஷோன். "நாளைக்கு ஷபாத் முடிஞ்சு நட்சத்திரம் தெரியற வரைக்கும் அதை யாராலயும் நகர்த்த முடியாது. அது அங்கயே நிக்கட்டும்." கத்தியை எடுத்து, பின்னலின் தடித்த நடுப்பகுதியாகப் பார்த்து அறுத்தார். "ஓரத்தைச் சாப்பிடறீங்களே, இதைப் பாருங்க. இங்கதான் நல்லா பொங்கியிருக்கு."