மூட்டிலிருந்து எடுத்த நீர்

வலது முழங்காலில் கிழிந்த ஜவ்வைச் சரிசெய்ய, தஞ்சாவூரில் நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரண்டே துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தையல். பதினொன்றாவது நாள் மூட்டு சுட்டது. காய்ச்சல் நூற்றொன்று. நாடாவால் அளந்தேன்; இடது முழங்காலைவிட மூன்று சென்டிமீட்டர் பெருத்திருந்தது.

"டாக்டருக்குப் போன் பண்ணுங்க" என்றாள் மனைவி.

"நாலு நாள்ல செக்கப் இருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?"

எங்கள் கறம்பக்குடியில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சீட்டு இல்லாமலே மெடிக்கலுக்கு ஆளனுப்பி, கொஞ்சம் பவரான ஆன்டிபயாடிக்காக வாங்கிவரச் செய்தேன். காலை ஒன்று, இரவு ஒன்று, மொத்தம் ஆறு. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வீக்கத்திலும் ஒரு சென்டிமீட்டர் குறைவு. நாடாவை அவளிடம் நீட்டினேன்.

"நீங்க டாக்டருக்குப் படிச்சதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள்.

செக்கப் அன்று வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. வாடகைக் காரில் போனோம். பதினேழு வேகத்தடைகள், ஒவ்வொன்றிலும் கத்தினேன்.

டாக்டருக்கு நான் பாடம் எடுத்த பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும். மூட்டைத் தொட்டதும் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஊசி போட்டு உறிஞ்சினார். புளித்த கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கலாக வந்தது. இரண்டு ஊசிக்குழல் நிறைய, நாற்பது மில்லி. இது எனக்குள்ளா இருந்தது?

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா சார்?"

"இல்லை" என்றேன். முப்பத்துமூன்று வருடம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டியவன் நான்.

"ஆறு போட்டாருங்க. ஆறுக்கும் தண்ணி மோந்து குடுத்தவ நான்தான்" என்றாள் மனைவி.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த நீரில இருக்கிற கிருமியை லேப்ல வளர்த்துப் பார்த்தாத்தான் எந்த மருந்துன்னு தெரியும். நீங்க போட்ட மாத்திரை அதைக் கொன்னிருக்காது. அமுக்கி மட்டும் வச்சிருக்கும். இனி லேப்ல வளராமலே போகலாம். ஆனா மூட்டுக்குள்ள அரிக்கிறது நிக்காது. இன்னைக்கே கழுவணும்."

அதே இரண்டு துளைகள் வழியாக ஒன்பது லிட்டர் உப்புநீர் விட்டுக் கழுவினார்கள். ஐந்தாம் நாள் லேப் முடிவு வந்தது: கிருமி வளரவில்லை. தப்பித்தேன் என்று சிரித்துவிட்டேன்.

"கிருமி இல்லைன்னு அர்த்தமில்லை சார். எதுன்னு தெரியலை, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அதனால் உத்தேசமாக இரண்டு மருந்துகள், முதலில் நரம்பு வழியாக, பிறகு மாத்திரையாக, ஆறு வாரம். நடுவில் இன்னொரு முறை கழுவினார்கள்.

கிருமி ஒழிந்துவிட்டது. மூட்டு எண்பது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. போன வாரம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடது காலில் இரண்டு எலும்புக்கும் நடுவே நல்ல இடைவெளி. வலதில் குருத்தெலும்பு தேய்ந்து ஒரு கோடுதான்.

"இது எப்போ தேய்ஞ்சது?"

அவர் எக்ஸ்ரேயை இறக்கி வைத்தார். "காய்ச்சல் விட்டுருச்சுன்னு நீங்க வீட்டுல இருந்தீங்களே, அப்பவே ஆரம்பிச்சிருக்கும் சார்."