எக்கோ பெட்டி தேடிய எட்டு மாதம்

இடது கையில் மூன்று விரல்களுக்கு பிளாஸ்திரி. மிச்சமிருக்கும் விரல்களால்தான் இந்த வாரப் பத்தியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஆபீஸில் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டார்கள். "என்ன சார், அறுப்புக்குப் போனீங்களா? இப்பல்லாம் மிஷின்தானே வருது, கையில எப்படி வெட்டுச்சு?"

அரிவாள் பட்டிருந்தால் மார்தட்டிச் சொல்லலாம். இது கிடார் கம்பி கிழித்தது...

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். என் மனைவி ஸ்டெல்லா அதற்கு நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. எட்டு மாதம் முன்பே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கல்யாணத்தன்னிக்கு நம்ம சர்ச் மண்டபத்துல ஒரு பாட்டு வாசிச்சீங்களே... அதே இடத்துல அதை மறுபடி வாசிங்க. எனக்கு அது போதும்."

அப்போது நான் ஒரு லைட் மியூசிக் குழுவில் கிடாரிஸ்ட். இப்போது கிடார் பீரோ மேலே படுத்திருக்கிறது. இறக்கித் துடைத்து வாசிக்க வேண்டியதுதானே? அங்கேதான் என் மூளை குறுக்கே வந்தது. அன்றைக்கு என் கிடாரில் ஒரு எக்கோ இருந்தது — ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் மூன்று முறை திரும்பி வரும். அது இல்லாமல் அந்தப் பாட்டா? சேச்சே!

எக்கோவுக்கு செல்போனிலேயே ஆப் இருக்கிறது. ஆனால் இன்டர்நெட்டில் கிடார்க்காரர்கள் கூடும் இடத்தில் அதைச் சொன்னால் அடிக்க வருகிறார்கள். எண்பதுகளில் ஜப்பானில் செய்த 'ரேக்' யூனிட்தான் அசலாம். பழைய டிவிடி பிளேயர் மாதிரி ஓர் இரும்புப் பெட்டி. முகத்தில் வரிசையாகத் திருகுகள், ஒரு சிவப்பு விளக்கு. கிடார் வயரை அதில் செருகினால் சத்தம் எதிரொலித்து வெளியே வரும். இதில் சத்தத்தின் துல்லியம் பன்னிரண்டு பிட்டா பதினாறு பிட்டா என்று அவர்கள் போடும் சண்டை இருக்கிறதே... வாய்க்கால் முறைத் தண்ணீருக்குக்கூட எங்கள் ஊரில் அப்படி நடந்ததில்லை. "பதினாறு ரொம்பச் சுத்தமா கேக்கும், அதனால வேண்டாம்" என்கிறார் ஒருவர். சுத்தமாக இருப்பதால் வேண்டாமாம்!

'வார்ம்'மாக இருக்க வேண்டுமாம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பதினேழு பேர் பதினேழு விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் குறித்துவைத்துக்கொண்டேன்.

காபி குடிக்கும்போதும் போன், சாப்பிடும்போதும் போன். "பிராக்டிஸ் ஆரம்பிச்சாச்சா?" என்பாள் ஸ்டெல்லா. "பெட்டி வரட்டும்" என்பேன். பெட்டி இல்லாமல் வாசித்தால் கை கெட்ட பழக்கம் பழகிவிடும் என்று ஒரு தத்துவம் வேறு. அவளும் தலையாட்டினாள், பாவம்.

கடைசியில் இரண்டு பெட்டிகள் தேறின. ஒன்று தரங்கம்பாடியில், கப்பலில் வாசித்து ரிட்டயரான ஒரு கிடாரிஸ்ட் வீட்டில். இன்னொன்று வேதாரண்யத்தில், மூடிப்போன ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில். எதை எடுப்பது? ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணியைத் துணைக்குக் கூட்டிப் போனேன். திருக்காட்டுப்பள்ளியில் நெல் விவசாயம். அவருக்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கூட்டர் வாங்கினாலும் சரி, பெண் பார்த்தாலும் சரி, அவர் வந்து தலையாட்டினால்தான் எங்கள் குடும்பத்தில் எதுவும் நடக்கும்.

தரங்கம்பாடி பெட்டியில் சிவப்பு விளக்கு ஜொலித்தது. நான் உருகிப்போய் நின்றேன். அந்தோணி பெட்டியைத் தூக்கி, பின்பக்க ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். கொள்முதல் நிலையத்தில் நெல்லை அள்ளி மோந்து பார்ப்பது போலவே.

"ஈரம் பாஞ்சிருக்கு மாப்ள. வேணாம்."

"இருபது வருஷம் கடல்லயே சுத்துன பொட்டிங்க இது!" என்றார் கிடாரிஸ்ட் பெருமையாக.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றார் அந்தோணி.

வேதாரண்யத்திலும் உப்புக் காற்றுதான். ஆனால் ஸ்டுடியோக்காரர் பெட்டியை பாலித்தீன் பையில் போட்டு, சாக்கில் திணித்து, விதை நெல்லைப் போல வாயைத் தைத்து வைத்திருந்தார். பிரித்தோம். அந்தோணி மோந்தார். "நல்லா காஞ்சிருக்கு. எடுத்துக்கங்க."

எட்டு மாத ஆராய்ச்சி ஒரு மூக்கில் முடிந்தது. சத்தம் எப்படி இருந்தது என்கிறீர்களா? தெரியாது. இரண்டு ஊருக்கும் நான் கிடாரைக் கொண்டுபோகவே இல்லை!

விழாவுக்கு மூன்று நாள் இருந்தபோது கிடாரை இறக்கினேன். கம்பி முழுக்கத் துரு. மாற்றினேன். வாசிக்க உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் விரல் எரிந்தது. மறுநாள் கொப்புளம். அதைவிடக் கொடுமை, பாட்டின் இரண்டாம் பாதி சுத்தமாக மறந்துபோயிருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் வாய்விட்டு ஒன்று கேட்டிருக்கிறாள்... அதையும் இப்படியா சொதப்புவேன்?

ஞாயிறு பூசை முடிந்து மண்டபம் நிறைந்தது. மேடையில் என் பெட்டி. அதனுடன் நாலைந்து பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மைக் செட்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"சார், எதுக்கு இவ்ளோ சிரமம்? எக்கோ நம்ம செட்டுலயே இருக்கே. உங்க கல்யாணத்துக்கும் எங்கப்பாதானே செட்டு போட்டாரு? அன்னிக்கு நீங்க வாசிச்சதுக்கு எக்கோ திருகி விட்டது அவருதான் சார்."

எட்டு மாதமாக ஜப்பான்வரை தேடிய எக்கோ, பக்கத்துத் தெரு மைக் செட்டில் இருந்திருக்கிறது.

பெட்டியிலேயே வயரைச் செருகி வாசித்தேன். முதல் பாதி நொண்டியது. இரண்டாம் பாதியில் கொப்புளம் கிழிந்தது, பாட்டு எங்கேயோ போனது, நான் எங்கேயோ போனேன். ஒருவழியாக நிறுத்தியதும் சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். நல்ல மனிதர்கள். முன்வரிசையில் ஸ்டெல்லா கன்னத்தில் கைவைத்து, கடைசிவரை கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என் விரல்களுக்கு அவள்தான் பிளாஸ்திரி போட்டுவிட்டாள். இந்தப் பாவியின் வாய் சும்மா இருக்குமா? "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"எக்கோ ரொம்பப் பிரமாதங்க" என்றாள் ஸ்டெல்லா. "ஒவ்வொரு தப்பையும் மூணு தடவை கேட்டேன்."