அடுத்த நாட்டில் ஒரு கபர்

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். அண்டை நாடுகளின் நல்லுறவு பற்றி வருடா வருடம் பாடம் நடத்துகிறேன். வீடு மலைக்கோட்டைப் பக்கம். அண்ணன் வளைகுடாவில் ஒரு குட்டி நாட்டில் வேலை பார்த்தான். தம்பி அதற்கு அடுத்த குட்டி நாட்டில். நடுவில் கொஞ்சம் கடல், அரை மணி நேர விமானம். பெருநாள் வந்தால் இருவரும் ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்டு அம்மாவுக்கு போட்டோ அனுப்புவார்கள்.

ஒரு நாள் அந்த இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டன. தூதரைத் திருப்பி அனுப்பினார்கள், விமானத்தை நிறுத்தினார்கள். ஒரு நாட்டில் வேலை பார்ப்பவனுக்கு மற்றதில் விசா இல்லை என்றார்கள். பெரிய மனிதர்களின் கோபம், நமக்கென்ன என்றிருந்தோம். அதே மாதம் அண்ணன் மாரடைப்பில் மௌத்தானான்.

உடலை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே அடக்கவா என்று கம்பெனியில் கேட்டார்கள். ஊர் வந்து சேரப் பத்து நாளாகுமாம். மையத்தைக் காக்க வைப்பது எங்களில் வழக்கமில்லை. ஆனாலும் அம்மா, "கொண்டுவரச் சொல்லு, ஒரு தடவ மொகத்தப் பாத்துக்குறேன்" என்றாள்.

நான்தான் மேதாவி மாதிரி பேசினேன்.

"அங்கயே அடக்கட்டும்மா. தம்பி பக்கத்துலதானே இருக்கான்? இந்தச் சண்டையெல்லாம் பத்து நாள் தாங்காது. அவன் போய்க் கபரப் பாத்து ஜியாரத் பண்ணிட்டு வருவான்."

டீச்சர் சொல்கிறாளே என்று அம்மா நம்பினாள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சம்மதக் கடிதத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

சண்டை வருடக்கணக்கில் இழுத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா, "பிளேன் விட்டாங்களா?" என்பாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக வரும்.

ஒருவழியாகத் தலைவர்கள் டிவியில் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். விமானம் விட்ட முதல் வாரமே தம்பி போனான். கபர்ஸ்தானில் வரிசை வரிசையாக மண்மேடு, தலைமாட்டில் பெயரில்லாத கல். அண்ணனின் கம்பெனியே மூடிக் கிடந்தது. கபர்ஸ்தான் காவலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை. பகல் முழுக்க நடந்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"எதுன்னு தெரியலக்கா."

"வீடியோல வந்து அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணக் காட்டுடா" என்றேன்.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செல்போனில் தெரிந்த யாரோ ஒருவரின் கபருக்கு சலாம் சொன்னாள். வெகுநேரம் துஆ செய்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்ன மாதிரியே தம்பி போய்ப் பாத்துட்டான்ல" என்றாள்.